தொண்டை அடைப்பான்: பெயரின்றி இறந்த மாடுகளின் வரலாறு

2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில் 'பி.சி.ஆர்.' என்ற சொல் அப்புத்தளைத் தோட்டங்களின் லயங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது. ஆங்கிலம் அறியாத மூதாட்டிகளும் "பி.சி.ஆர். எடுத்தாச்சா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டனர். அறிகுறி எதுவுமில்லாத ஒருவர் நோயைத் தம்முள் வைத்திருக்கக் கூடும் என்பதும், அதனை ஒரு சோதனை காட்டிக்கொடுக்கக் கூடும் என்பதும் அந்த ஆண்டில்தான் நம் மக்களில் பெரும்பாலோருக்குப் பழக்கமான செய்திகளாயின. ஆனால் இதே சோதனை முறை, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, மாடுகளையும் எருமைகளையும் கொல்லும் பற்றீரியா நோயொன்றைக் கண்டறிவதற்காக வகுக்கப்பட்டிருந்தது. அந்த நோய் பற்றிய அறிவை வளர்த்ததில் பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் பலர் அறியாத செய்தி.

தமிழகத்து உழவர்கள் அந்த நோயைத் தொண்டை அடைப்பான் என்பர். மிருக வைத்திய நூல்கள் அதனைக் குருதிக்கசிவு நச்சுக்குருதி நோய் என்ற பொருள்படும் நீண்ட பெயரால் குறிப்பிடுகின்றன. உழவர் வைத்த பெயரே பொருத்தமானது என்பேன். காய்ச்சல் காணும், வாயில் நீர் வடியும், தொண்டை வீங்கும், வீக்கம் கழுத்து வழியே மார்புக்கு இறங்கும், மூச்சு அடைக்கும், மாடு சாயும். முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து இறப்பு வரை பல வேளைகளில் ஒரு நாள் கூட ஆவதில்லை. சில மாடுகள் இரண்டு மூன்று நாள் தாங்கும். அறிகுறி முற்றிய பின்னர் பிழைப்பது அரிது. எருமைகள் பசுக்களைக் காட்டிலும் எளிதில் இதற்குப் பலியாகின்றன.

இந்த நோயின் வரலாற்றை அப்புத்தளையில் நின்று பார்ப்பது பயனுள்ளது என்பது என் எண்ணம். காரணம், ஊவா மாகாணத்தின் இரு பாதிகளையும் ஒரே இடத்தில் நின்று காணத்தக்க ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில் ஒரு மலை முகட்டின் மீது அமைந்திருக்கிறது அப்புத்தளை. வடக்கே தியத்தலாவை, பண்டாரவளை என்று குளிர்ந்த மேட்டுநிலம். தெற்கே நிலம் சட்டென்று சரிந்து விழுகிறது. பெரகலை, கொஸ்லந்தை வழியாக இறங்கும் பாதை வெல்லவாயவை அடைந்து, அதற்கப்பால் மொனராகலையின் வறண்ட சமவெளியில் கலக்கிறது. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பதென்னைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் 'லிப்டன் சீற்' என்ற உச்சியில் தெளிந்த நாளொன்றில் நின்றால் தென்கரை வரை தெரியும். மேலே கொட்டிலில் கட்டி வளர்க்கப்படும் ஒன்றிரண்டு பசுக்கள்; கீழே குளங்களையும் காடுகளையும் நாடித் திரியும் பெரும் எருமை மந்தைகள். தொண்டை அடைப்பானின் இயற்கையான இருப்பிடம் கீழேதான். ஆயினும் மேலும் கீழும் என்றுமே தொடர்பற்று இருந்ததில்லை.

தேயிலைக்கும் கோப்பிக்கும் முன்பே அந்தச் சரிவில் மாடுகள் ஏறி இறங்கின. அம்பாந்தோட்டைப் பக்கத்து உவர்க்களப்புகளில் விளைந்த உப்பு, பொதிமாடுகளின் முதுகில் ஏறி ஊவா மலைகளுக்கு வந்தது. அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்றனர். கண்டி இராச்சியக் காலத்தில் தவள வாணிபத்தில் முஸ்லிம் வணிகர்கள் முக்கிய இடம் வகித்தனர். உப்பும் கருவாடும் துணியும் மேலே வந்தன. பாக்கும் தானியமும் கீழே சென்றன. மாடுகள் வந்தபோது மாடுகளின் நோய்களும் உடன் வந்திருக்க வேண்டும். ஆனால் எந்த நோய் எந்தப் பாதையில் வந்தது என்று பிரித்துக் கூற அக்காலத்தில் எவரிடமும் வழியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது மாட்டின் தேவை பன்மடங்காயிற்று. புகையிரதம் வருவதற்கு முன்னர் மலைநாட்டின் கோப்பி முழுவதும் மாட்டு வண்டிகளிலேயே கொழும்பு சென்றது. தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் வண்டியிலேயே வந்தது. மாட்டுக் கொள்ளைநோய் கண்ட ஆண்டுகளில் வண்டிக் கூலி ஏறியது, கோப்பி தேங்கியது, துரைமார் முறையிட்டனர். அக்காலத்து ஆங்கிலப் பதிவுகள் அத்தகைய சாவுகளையெல்லாம் மாட்டுக் கொள்ளைநோய் என்ற ஒரே பொதுச் சொல்லில் அடக்கிவிட்டன. வெக்கை நோயா, கோமாரியா, தொண்டை அடைப்பானா என்ற வேறுபாடு அந்தச் சொல்லுக்குள் இல்லை. இறந்தது மாடு, காரணம் கொள்ளைநோய், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி அதே ஊவாவில் நடந்தது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பாதிக்கப்பட்ட இலைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அதே ஆண்டில் பெர்க்லி என்ற பூஞ்சணவியல் அறிஞர் அந்த நோய்க்காரணிக்கு அறிவியற் பெயர் சூட்டிவிட்டார். 1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் ஆய்வாளரை அரசாங்கம் இலங்கைக்கு வரவழைத்து, அந்தப் பூஞ்சணத்தின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராயப் பணித்தது. கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் கோப்பி எதனால் இறந்தது என்பது உலகுக்குத் தெரிந்தது. ஒரே மாவட்டத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இலையின் நோய்க்குப் பெயரும் ஆய்வாளரும் கிடைத்தனர்; மாட்டின் நோய் பெயரின்றிக் கிடந்தது. நோயைக் கண்டறிவது அறிவியலின் வேலை. ஆனால் எந்த நோயை முதலில் கண்டறிவது என்பது யாருடைய இழப்பு கணக்கில் கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஐரோப்பாவில் அப்போது நுண்ணுயிரியல் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1878இல் பொலிங்கர் என்ற ஜேர்மானியர், மியூனிக் அருகே மான்களும் காட்டுப் பன்றிகளும் மாடுகளும் கூட்டமாக இறந்ததை ஆராய்ந்து, தொண்டை அடைப்பானை ஒரு தனி நோயாக விவரித்தார். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூயி பாஸ்டர் கோழிக் கழிச்சல் நோயை ஆராய்ந்து, வலுக்குறைந்த கிருமியைக் கொண்டே நோயைத் தடுக்கலாம் என்று காட்டினார். கோழியைக் கொன்ற கிருமியும் மாட்டைக் கொன்ற கிருமியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1887இல் அந்தக் கிருமி இனத்துக்கு பாஸ்டரின் நினைவாகப் பாஸ்டுரெல்லா என்று பெயர் வைக்கப்பட்டது. தொண்டை அடைப்பானை உண்டாக்குவது பாஸ்டுரெல்லா மல்ட்டோசிடா என்ற பற்றீரியாவின் குறிப்பிட்ட சில வகைகளே. ஆசியாவில் 'பி' வகையும் ஆபிரிக்காவில் 'பி' வகையோடு 'ஈ' வகையும் இந்த அழிவைச் செய்கின்றன.

இந்தியாவில் 1889இல் பூனாவில் தொடங்கப்பட்ட அரச நுண்ணுயிரியல் ஆய்வகம் 1893இல் இமயமலையடிவாரத்து முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. ரொபேர்ட் கொக் 1897இல் அங்கு வந்து சென்றார். மாட்டு நோய்களுக்கான தடுப்பு மருந்துகள் பல அங்கிருந்தே துணைக்கண்டமெங்கும் சென்றன. தமிழகத்தில் இராணிப்பேட்டையில் 1932இல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், தொண்டை அடைப்பானுக்கு எதிரான தடுப்பூசியைத் தயாரிக்கும் நிலையங்களுள் ஒன்றாக விளங்குகிறது. மழைக்காலம் தொடங்குமுன் தடுப்பூசி போடவேண்டும் என்ற அறிவுரை தமிழகக் கிராமங்களில் இன்றும் ஆண்டுதோறும் கேட்கும் ஒன்று. ஈரமும் சேறும் உள்ள காலத்தில் கிருமி மாட்டின் உடலுக்கு வெளியே சற்றுக் கூடுதலான நேரம் உயிர் வாழ்கிறது. மாடுகள் நெருங்கி நிற்கின்றன. உழவுப் பளுவாலும் தீவனக் குறைவாலும் அவை நலிந்திருக்கின்றன. நோய் வெடிப்பதற்கு இவ்வளவு போதும்.

இனித் தோட்டத்து மாட்டுக்கு வருவோம். மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கூலியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குடியுரிமையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மாட்டைப் பற்றி எழுதியவர் குறைவு. தோட்டத் தொழிலாளிக்கு நிலம் சொந்தமில்லை. குடியிருந்த லயத்து அறையும் சொந்தமில்லை. 1948க்குப் பின்னர் நாடும் சொந்தமில்லை என்றாயிற்று. அந்த நிலையில் ஒருவர் தமது என்று சொல்லிக்கொள்ளக் கூடியதாகவும், ஆண்டுக்காண்டு பெருகக் கூடியதாகவும் இருந்த சொத்துக்கள் மிகச் சிலவே. அவற்றுள் பசு முதன்மையானது. தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. மலையில் அது அகராதிப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. கொழுந்து எடுத்துத் திரும்பும் பெண் வழியில் ஒரு கட்டுப் புல்லை அறுத்துத் தலையில் வைத்து வருவாள். பால் காசு பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் ஆகும். சாணம் மரக்கறித் தோட்டத்துக்கு விலையாகும். கன்று, மகளின் கல்யாணத்துக்கு வைப்புப் பணம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியாவுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் கடைசியாக விற்ற பொருள் பெரும்பாலும் பசுவாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் வேறொரு செய்திக்காக அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். லயத்தின் கோடியில் ஒரு பெண்மணி தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார். முதல் நாள் அவருடைய கறவைப் பசு இறந்திருந்தது. "ராவு நல்லாத்தாங்கய்யா புல்லு தின்னுச்சு. விடிய எந்திரிச்சுப் பாத்தா தொண்டை வீங்கி, மூச்சு விட முடியாம கெடந்துச்சு. மத்தியானத்துக்குள்ள போயிருச்சு" என்றார். பாம்பு தீண்டியிருக்கும் என்றார் ஒருவர். தேயிலைக்கு அடித்த மருந்து புல்லில் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். கண்ணேறு என்றார் மூன்றாமவர். மிருக வைத்தியருக்குச் சொல்லியனுப்பியவர் அவரைச் சந்திக்க முடியாமல் திரும்பியிருந்தார். பசு புதைக்கப்பட்டாயிற்று. அதன் இரத்தத்தில் ஒரு துளியையும் எவரும் எடுத்து வைக்கவில்லை. அது தொண்டை அடைப்பானா, அந்திராக்ஸா, நஞ்சா என்று இன்று எவராலும் கூற இயலாது. அண்டை வீட்டுக் கொட்டில்களில் மேலும் நான்கைந்து மாடுகள் நின்றன. அவற்றுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதும் எவருக்கும் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வண்டி மாட்டைப் போலவே அந்தப் பசுவும் பெயரின்றி இறந்தது.

அறிவியல் அப்போது முன்னேறாமல் இல்லை. அந்தப் பசு இறந்த அதே காலத்தில் கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் தொண்டை அடைப்பான் பற்றி உலகம் வியக்கத்தக்க ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. அங்கு பணியாற்றிய எம். சி. எல். டி அல்விஸ் இந்த நோயில் உலகின் முதன்மையான அறிஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டவர். 1982இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் இந்த நோய் குறித்து வெளியிட்ட நூலின் ஆசிரியர் நால்வருள் அவரும் ஒருவர். 1999இல் அவர் தனியே எழுதிய விரிவான நூலை அவுஸ்திரேலியாவின் சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. தொண்டை அடைப்பான் குறித்து எழுதுவோர் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கும் நூல் அதுவே.

டி அல்விஸும் அவருடன் பணியாற்றியோரும் விளக்கிய செய்திகளுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. முதலாவது, நோய் நிலைகொண்ட பகுதிக்கும் நிலைகொள்ளாத பகுதிக்கும் உள்ள வேறுபாடு. வறண்ட வலயத்தின் பெரும் மந்தைகளில் கிருமி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அங்குள்ள வளர்ந்த மாடுகளில் பல, நோய் வெளிப்படாமலேயே கிருமியைச் சந்தித்து எதிர்ப்பு ஆற்றலைப் பெற்றுவிடுகின்றன. ஆகவே அங்கு இறப்பவை பெரும்பாலும் இளங்கன்றுகளே. கிருமி வழக்கமாக இல்லாத பகுதிக்கு அது வந்து சேர்ந்தால் நிலைமை வேறு. அங்கு எந்த மாட்டுக்கும் எதிர்ப்பு ஆற்றல் இல்லை. கன்று, கறவை, எருது என்ற வேறுபாடின்றி மடியும். நோய் அரிதாக வரும் இடத்தில்தான் வந்தால் பெருஞ்சேதம் என்பது கேட்பதற்கு முரண்போலத் தோன்றும். ஆனால் உண்மை அதுவே. ஊவாவின் கீழ்ப்பாதிக்கும் மேற்பாதிக்கும் இந்த வேறுபாட்டைப் பொருத்திப் பார்த்தால் அப்புத்தளைக் கொட்டில் மாட்டின் நிலை விளங்கும். நோய் அங்கு அரிது என்பது ஆறுதல். அதனாலேயே அது காப்பற்று நிற்கிறது என்பது கவலை.

இரண்டாவது, நோய்காவி பற்றியது. நோயிலிருந்து தப்பிய எருமைகளின் உள்நாக்குச் சுரப்பிகளில், அதாவது தொண்டையின் உட்புறத்தில் உள்ள தொன்சில்களின் மடிப்புகளுக்குள், கிருமி நெடுங்காலம் ஒளிந்திருப்பதைக் கன்னொறுவை ஆய்வாளர்கள் நிறுவினர். 1990இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை இதனை விவரிக்கிறது. அந்த எருமை மேயும், உழும், விலைபோகும். அதனைப் பார்த்து எவரும் நோயுற்றது என்று சொல்லமாட்டார். பயணக் களைப்போ பட்டினியோ மழையோ வந்து உடல் நலிந்தால் கிருமி வெளிப்பட்டு அருகில் நிற்பவற்றுக்குத் தொற்றும். மாடு வாங்கி வந்து சில நாட்களில் பட்டியே அழிந்தது என்ற பழைய கதைகளுக்கெல்லாம் இதில் விளக்கம் இருக்கிறது.

நோய்காவி என்ற கருத்து மனிதரைப் பொறுத்தவரை நம்மவருக்குக் கசப்பான ஒன்று. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். வாந்திபேதியையும் பிளேக்கையும் கொண்டு வருவோர் என்ற ஐயம் அவர்கள்மீது முன்கூட்டியே சுமத்தப்பட்டிருந்தது. யார் உள்ளே கிருமி இருக்கிறது என்று காட்டும் சோதனை இல்லாத காலத்தில் ஐயம் கூட்டத்தின் மீது விழுகிறது. சோதனை வந்த பின்னரே அது உரிய இடத்தில் நிற்கிறது. மாடுகளின் விடயத்திலும் இதுவே உண்மை. நோய் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டவுடன் ஒரு பிரதேசத்தின் மாட்டு விற்பனை முழுவதையும் முடக்குவதைத் தவிர அதிகாரிகளுக்கு வேறு வழி இருப்பதில்லை. அதில் முதலில் நசிவது ஒற்றை மாட்டை வைத்திருப்பவர்தான்.

பழைய முறையில் இந்த நோயை உறுதிசெய்வது எவ்வாறு என்பதைச் சொன்னால் மரபணுச் சோதனையின் அருமை புரியும். இறந்த மாட்டின் இதயத்திலிருந்து இரத்தம் எடுக்க வேண்டும். மாடு இறந்து நேரமாகியிருந்தால் மற்றக் கிருமிகள் பெருகி உண்மையை மறைத்துவிடும். ஆகவே தொலைவிலுள்ள இடங்களிலிருந்து காலின் நீண்ட எலும்பொன்றைத் தசை நீக்கி ஆய்வகத்துக்கு அனுப்புவர். எலும்புக்குள் இருக்கும் மச்சை எளிதில் அழுகாது. அந்த மச்சையை ஆய்வக எலிக்குச் செலுத்தினால், நோய்க்கிருமி இருக்குமிடத்து, எலி ஓரிரு நாளில் இறக்கும். எலியின் இரத்தத்தை வளர்த்துப் பார்த்து வகையைக் கண்டறிவர். விடை வரும்போது பட்டியில் மீதியிருந்தவை இறந்திருக்கவும் கூடும். உயிரோடிருக்கும் நோய்காவியைக் கண்டுபிடிப்பதோ அதனினும் கடினம். தொண்டையில் வாழும் எண்ணற்ற கிருமிகளுக்கிடையே இந்த ஒன்றைத் தனித்து வளர்த்தெடுப்பது, திருவிழாக் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவரைத் தேடுவது போன்றது.

1983இல் அமெரிக்கரான கெரி முல்லிஸ் எண்ணிக் கண்ட முறை இதனை மாற்றியது. மரபணுப் பொருளின் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, சூடாக்கியும் குளிர்த்தியும், சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குவது அந்த முறை. 30 சுற்றுகளில் ஒரு பிரதி நூறு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளாகும். தேடிய துண்டு மாதிரியில் இருந்தால் பெருகும், இல்லாவிட்டால் பெருகாது. இதற்காக முல்லிஸுக்கு 1993இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1998இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேர்ஸ்டி டவுன்சென்டும் அவருடைய குழுவினரும் பாஸ்டுரெல்லா மல்ட்டோசிடாவுக்கே உரிய மரபணுத் துண்டொன்றையும், அதனுள்ளும் தொண்டை அடைப்பானை உண்டாக்கும் 'பி' வகைக்கே உரிய இன்னொன்றையும் இனங்கண்டு சோதனையாக வகுத்து வெளியிட்டனர். முதலாவது துண்டின் நீளம் சுமார் 460 மரபெழுத்துகள். 2001இல் கிருமியின் மேலுறையை ஆக்கும் மரபணுக்களைக் கொண்டு ஐந்து வகைகளையும் ஒரே சோதனையில் பிரித்தறியும் முறையும் வந்தது. அதில் 'பி' வகை 760 மரபெழுத்து நீளமுள்ள துண்டாகத் தன்னைக் காட்டும். அதே ஆண்டில் கோழியைத் தாக்கும் பாஸ்டுரெல்லா ஒன்றின் முழு மரபுத்தொகுதியும் அமெரிக்காவில் வாசித்து முடிக்கப்பட்டது. இதற்கிடையே 2000இல் வியட்நாமில் வெட்டப்பட்ட பன்றிகளின் தொன்சில்களில் இந்தக் கிருமியைத் தேடிய ஆய்வொன்று வெளியானது. அதன் ஆசிரியர்களுள் இலங்கையரான டி. ஜி. விஜேவர்தனவும் ஒருவர். கன்னொறுவையில் எருமைத் தொன்சில்களை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அவர். பழைய முறையில் நாட்கணக்கில் தேடியதைப் புதிய முறை சில மணி நேரத்தில் தேடித் தந்தது.

சோதனையின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். கிருமி ஒளிந்திருப்பது தொன்சிலின் ஆழத்தில். உயிருள்ள எருமையின் வாயைத் திறந்து அங்கிருந்து மாதிரி எடுப்பது எளிதன்று. மூக்கில் எடுத்தால், கிருமி வெளிவராத நாளில் விடை இல்லை என்றே வரும். இருக்கிறது என்று சோதனை சொன்னாலும், அது என்று வெடிக்கும் என்று சொல்லாது. ஆகவே தடுப்பூசிக்கு மாற்றாக மரபணுச் சோதனையைக் கருதுவது தவறு. எந்தப் பட்டியில் கிருமி இருக்கிறது, எங்கு முதலில் தடுப்பூசி போடவேண்டும், எந்த மாடுகளை இடம் மாற்றக்கூடாது என்பவற்றைக் காட்டும் வழிகாட்டி அது.

கிருமி அமைதியாகக் குடியிருந்து பின்னர் வெடிப்பது எத்தகையது என்பதை 2015ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. கசக்ஸ்தானின் புல்வெளிகளில் கன்று ஈனக் கூடியிருந்த சைகா மான்கள் மூன்று வாரங்களுக்குள் 2 இலட்சத்துக்கும் அதிகமாக மாண்டன. சில கூட்டங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. கொன்றது இதே பாஸ்டுரெல்லா மல்ட்டோசிடாவின் 'பி' வகை. 2018இல் வெளியான ஆய்வு, இறப்புக்கு முந்திய நாட்களில் வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் நிலவியதைச் சுட்டிக்காட்டியது. மான்களின் உடலில் தீங்கின்றி இருந்த கிருமியை வானிலை தட்டியெழுப்பியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மழையின் ஒழுங்கு மாறிவரும் இக்காலத்தில், வறண்ட வலயத்துக்கும் ஈர மலைக்கும் நடுவில் வாழும் நமக்கும் இது எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

இலங்கையில் இதற்கான சட்டம் இல்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம், நோய் கண்ட பகுதியில் விலங்குகளின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த அதிகாரம் தருகிறது. ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். தடுப்பூசி இருக்கிறது. சோதனையும் இருக்கிறது. குறைவாக இருப்பது, லயத்துக் கொட்டிலுக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலான பாதை. அப்புத்தளையிலிருந்து கன்னொறுவை வரைபடத்தில் தொலைவன்று. ஆனால் ஒரு துளி இரத்தமோ ஒரு துண்டு எலும்போ அந்தப் பாதையில் போவதற்கு, அதனை எடுக்கத் தெரிந்த ஒருவர் மாடு இறந்த சில மணி நேரத்துக்குள் அங்கே நிற்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அவரைத் தேடிப் போகத் தொழிலாளிக்கு விடுப்புக் கிடைக்க வேண்டும். தகவலைத் தமிழில் சொல்லவும் தமிழில் விடை பெறவும் இயல வேண்டும்.

இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. தோட்டந்தோறும் இளைஞர் ஒருவருக்கு மாதிரி எடுக்கவும் குளிரில் வைத்து அனுப்பவும் பயிற்சி தரலாம். அந்திராக்ஸ் ஐயம் இருந்தால் உடலை அறுக்கக்கூடாது என்பதையும் அவருக்குக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். அது மனிதரையும் கொல்லும். சமவெளியிலிருந்து விற்பனைக்கு ஏறும் மாடுகளில் சிலவற்றை மாதிரிக்கு எடுத்துச் சோதிக்கலாம். நோய் நிலைகொண்ட மந்தை எது என்று தெரிந்தால், மலைக்கு அனுப்புமுன் அதற்குத் தடுப்பூசி போடலாம். பெரகலைச் சந்தியைத் தாண்டி மாடு ஏறிய பின்னர் செய்யும் எதனையும்விட இது பயன் தரும்.

1869இல் மடுல்சீமையின் ஓர் இலை கடல் கடந்து சென்று தன் நோயின் பெயரை அறிந்துகொண்டது. தோட்டத்துப் பசுவின் ஒரு துளி இரத்தத்துக்கு அவ்வளவு தூரம் செல்லவேண்டிய தேவை இன்று இல்லை. கன்னொறுவை வரை சென்றால் போதும்.